நான் இல்லாத ஐந்து வாரம்

ஜூன் 10, திங்கள்

ஆய்வகத்துக்குப் பிளாஸ்டிக் குழாய் விற்கிறவர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதம் இழுப்பறையில் தூங்கியது. இன்று மகள் தாரகைக்குப் பள்ளி திறந்தார்கள். அவளுடைய ஆறாம் வகுப்பு நோட்டுகளுக்கு அட்டை போட்டு முடித்தபோது எனக்கும் எதையாவது எழுத வேண்டும் போலிருந்தது. நாற்பத்தாறு வயதில் வந்த ஆசை, எத்தனை நாள் தாங்கும் என்று பார்ப்போம்.

முதல் பக்கத்தில் ‘என்னைப் பற்றி’ என்று கட்டம் போட்டிருக்கிறார்கள். பெயர்: கோகிலவாணி. ஊர்: கோயமுத்தூர். தொழில்: வைரஸ் ஆராய்ச்சி. கட்டம் சின்னது, மீதியை இங்கே எழுதுகிறேன். பத்தொன்பது வருடமாகத் தட்டம்மை வைரஸோடு குடித்தனம் நடத்துகிறேன். தடுப்பூசி போட்டுக்கொண்ட பிள்ளைகளின் ரத்தத்தில் அந்த வைரஸை எதிர்க்கும் ஆன்டிபாடி எவ்வளவு ஊறுகிறது, எத்தனை வருடம் நிற்கிறது என்று அளப்பதுதான் வேலை. கணவர் செங்கோட்டுவேல், பம்பு செட் கம்பெனியில் மேற்பார்வையாளர். “உனக்கு என்னைய விட வைரஸ்தான் ஒசத்தி” என்பார். மறுத்துப் பேச எனக்கு நேரம் கிடைத்ததில்லை.

இன்று ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவிக்கு, குழாய்களின் மேல் எழுதியிருக்கும் ‘தாரகை’ என்றால் என்னவென்று அமலோற்பவம் விளக்கிக்கொண்டிருந்தாள். அமலோற்பவம் ஆரம்பத்திலிருந்தே என்னோடு இருக்கும் டெக்னீஷியன். ஒவ்வொரு முறை பரிசோதனை ஓட்டும்போதும், நிச்சயமாக ஆன்டிபாடி இருக்கிற ஒரு ரத்தத்தையும் கூடவே ஓட்ட வேண்டும். அதில் எண் எகிறினால்தான் பரிசோதனை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஆய்வகத்தில் அந்த ரத்தம் என் மகளுடையது.

இரண்டு வயதில் அவள் ரத்தத்தைச் சும்மா சோதித்துப் பார்த்தேன். மற்ற பிள்ளைகளுக்கு எண்ணூறு, ஆயிரம் என்று வரும் இடத்தில் அவளுக்கு ஆறாயிரம் வந்தது. “மேடம், உங்க புள்ளைக்கு ஊசி என்னமா புடிச்சிருக்குது பாருங்க!” என்று அமலோற்பவம் கைதட்டினாள். அன்றிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு குழாய் ரத்தம். ஊரார் பிள்ளைக்குக் கேக் வெட்டுவார்கள், இவள் ஊசி குத்துவாள் என்று என் கணவர் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். வருடா வருடம் எண் ஏறிக்கொண்டே போகிறது. எனக்குப் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

ஜூன் 26, புதன்

வகுப்பு ஆசிரியை கூப்பிட்டிருந்தார். கணக்கில் நாற்பத்தொன்று. போன வருடம் தொண்ணூறுக்குக் கீழே இறங்காதவள். நோட்டைக் காட்டினார். முதல் பக்கம் அச்சடித்தது போலிருக்கிறது, பத்தாவது பக்கத்தில் எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கி நடக்கின்றன. வீட்டுக்கு வந்து நன்றாகத் திட்டினேன். “எழுதறப்ப கவனம் எங்க போவுது உனக்கு?” என்றேன். “கைதான் போவுதும்மா, கவனம் இங்கதான் இருக்குது” என்றாள். வாய் மட்டும் குறையவில்லை.

“வயசு அப்படி, உடு” என்றார் கணவர்.

ஜூலை 4, வியாழன்

தாரகை கை தவறி உடைத்தது இன்று மட்டும் இரண்டு கண்ணாடி டம்ளர். இனி வீட்டில் எவர்சில்வர்தான்.

ஜூலை 14, ஞாயிறு

தாரகையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சடை பின்னினேன். தலை சட்டென்று குனிந்து நிமிர்ந்தது. “ஆடாம நில்லு” என்றேன். “நான் ஆடலம்மா” என்றாள். மறுபடியும் குனிந்தது. கூடவே வலது தோளும் ஒரு வெட்டு வெட்டியது. தூக்கத்தில் நமக்கெல்லாம் உடம்பு தூக்கிப் போடுமே, அது மாதிரி. ஆனால் அவள் முழித்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்ணினேன். எட்டு நொடிக்கு ஒரு முறை. பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டு மாவு ஆட்டப் போனேன். கண்ணில் ஏதாவது கோளாறு இருக்கும். கண் சரியில்லாத பிள்ளைகள் தலையை இப்படி ஆட்டுவதுண்டு.

ஜூலை 16, செவ்வாய்

கண்ணில் ஒன்றுமில்லையாம். மூளை நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லிக் கண் டாக்டர் கடிதம் கொடுத்தார். கைப்பையில் இருக்கிறது. இந்த வாரம் தணிக்கை, அடுத்த வாரம் டெல்லிக் கூட்டம். அது முடியட்டும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

காலை இறைவணக்கத்தில் தாரகை விழுந்துவிட்டாள். நெற்றியில் மூன்று தையல். கைப்பையிலிருந்த கடிதத்துக்குப் பதினேழு நாள் ஆகியிருந்தது.

மூளை நரம்பு டாக்டர் இப்ராஹிம் நல்ல மாதிரி. தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் அலைகளைப் படம் எடுத்தார்கள். படத்தை அவர் தன் பக்கமாகத் திருப்பி வைப்பதற்குள் நான் பார்த்துவிட்டேன். தட்டையான கோடு, திடீரென்று ஒரு மலை, மறுபடி தட்டையான கோடு, மறுபடி மலை. இடைவெளி எல்லாம் ஒரே அளவு.

“சின்ன வயசுல தட்டம்மை வந்திருக்குதா?” என்று கேட்டார்.

“இல்லீங்க டாக்டர். ஒம்பதாம் மாசம் ஊசி போட்டாச்சு. ஒண்ணரை வயசுல ரெண்டாவது. அவளோட ஆன்டிபாடிய வருசா வருசம் நானே அளந்து வெச்சிருக்கறேன்.”

“எவ்வளவு இருக்குது?”

“போன நவம்பர்ல இருபத்தோராயிரம்.”

பேனாவை மேசைமேல் வைத்தார். எனக்கும் அந்த எண் என் வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் காதில் விழுந்தது. எந்த ஊசியும் இருபத்தோராயிரம் கொடுக்காது. அதிலும், ஊசி கொடுத்தது வருடம் போகப் போகக் குறைய வேண்டும். இவளுக்கு ஏறியது. இதைக் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற பெண் சொல்லிவிடுவாள்.

தட்டம்மை வந்து போன ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் ஒன்றுக்கு, அதுவும் ஒரு வயதுக்குள் வந்திருந்தால், வைரஸ் வெளியேறாமல் மூளைக்குள் தங்கிவிடும். பிள்ளை நன்றாக ஓடியாடும். பல வருடம் கழித்து ஒரு நாள் மூளையைத் தின்னத் தொடங்கும். ஊசியால் இது வராது, ஊசி ஒன்றுதான் இதைத் தடுக்கும். வந்துவிட்டால் குணமாக்க மருந்து கிடையாது. இதை எத்தனையோ கூட்டங்களில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன்.

எட்டு வருடமாக அவள் உடம்பு உள்ளே இருக்கும் எதிரியோடு ஒற்றையாகச் சண்டை போட்டிருக்கிறது. அந்தச் சண்டையின் அளவைத்தான் வருடா வருடம் அளந்து நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

முதுகுத்தண்டு நீரை எடுத்துவிட்டார்கள். நாங்கள் இருக்கும் சுற்றுவட்டாரத்தில் அதில் தட்டம்மை ஆன்டிபாடி பார்க்கிற இடம் ஒன்றுதான். எங்கள் ஆய்வகம். பெயர் இல்லாமல் எண் ஒட்டிய குழாயாக வந்தது.

“மேடம், சென்னைக்கு அனுப்பிரலாம். இல்லாட்டி நா பாக்கறேன். நீங்க வீட்டுக்குப் போங்க” என்றாள் அமலோற்பவம்.

நானே செய்தேன். வேறு யார் செய்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். தட்டில் முதல் குழியில் வழக்கமான ரத்தத்தை விட வேண்டும். குழாயின் மேல் அமலோற்பவத்தின் கையெழுத்தில் ‘தாரகை’ என்று எழுதியிருந்தது. இரண்டாவது குழியில் தாரகையின் முதுகுத்தண்டு நீர். ஆன்டிபாடி இருந்தால் குழி மஞ்சளாகும். இரண்டும் ஒரே மஞ்சளாக மாறின. முடிவுத்தாளில் ‘பரிசோதித்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து கோட்டை விட்டு இறங்கவில்லை. அதற்காக என்மேலேயே எனக்கு வெறுப்பாக வந்தது.

ஆகஸ்ட் 7, புதன்

கணவரிடம் சொன்னேன். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். பக்கெட் நிறைந்து வழிந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தட்டம்மை எப்போது வந்தது? நான்கு நாளாக இதே யோசனை. பிறந்து ஒரு வருடத்துக்குள் அவள் என் கண்ணைவிட்டுப் போனது ஒரே முறை. ஏழாவது மாதம், ஐந்து வாரம். அப்போது மலைக் கிராமங்களில் தட்டம்மை பரவியது. பிள்ளைகள் செத்தார்கள். எங்கள் குழுவை அனுப்பினார்கள். அவர் அந்த வருடம் கம்பெனி வேலையாக ராஜ்கோட்டில் இருந்தார். “ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தம்புள்ளை தானா வளரும், தைரியமாப் போய்ட்டு வா” என்று போனில் சொன்னார். பாலை நிறுத்திவிட்டு, காங்கேயத்தில் அவருடைய அக்கா சாவித்திரி அண்ணியிடம் தாரகையை விட்டுவிட்டுப் போனேன். அண்ணிக்குப் பிள்ளைகள் இல்லை. கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

இன்று காங்கேயம் போனேன். மோர் கொண்டுவந்து வைத்தார். குடிக்காமலே கேட்டேன்.

“அண்ணி, அன்னிக்கு நா மலைக்குப் போனப்ப தாரகைக்குக் காச்சல் ஏதாச்சும் வந்துச்சுங்களா?”

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். “அம்மா வந்திருந்தா வாணி. பக்கத்தூட்டுப் பையனுக்குத்தான் மொதல்ல. அப்பறம் நம்ம புள்ளைக்கு. மேலெல்லாம் மணல அள்ளிக் கொட்டுனாப்ல அம்மை. ஏழு நாளு வேப்பந்தழைல படுக்க வெச்சுக்கிட்டு நா கண்ணு மூடலை. மூணாந் தண்ணி ஊத்துனதுக்கப்பறந்தான் எறங்குச்சு.”

“எங்கிட்ட ஏனுங்க சொல்லலை?”

“அம்மா ஊட்டுல இருக்கறப்ப வெளிய சொல்லலாமா? உங்கிட்டச் சொன்னா ஊசியத் தூக்கிட்டு ஓடியாருவ. ஊசி குத்துனா அவ கோவிச்சுக்குவாளேன்னு பயந்துட்டேன். புள்ளைதான் நல்லா எந்திரிச்சுட்டாளே. நீ வந்தப்ப சிரிச்சுக்கிட்டுத்தான இருந்தா?”

சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். பால் மறந்த இளைப்பு என்று நினைத்தேன்.

எழுந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று எல்லாம் நினைவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. “எம்புள்ளையக் கொன்னுட்டீங்க” என்றேன். அண்ணி மோர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மாத்திரை ஆரம்பித்தாயிற்று. முதுகில் வாரம் ஒரு ஊசி. கொஞ்சம் தள்ளிப் போடலாம், அவ்வளவுதான் என்றார் இப்ராஹிம். எனக்கே சொல்கிறார்.

அண்ணி அன்று ஒரே ஒரு போன் செய்திருந்தால் போதும். மதியம் சாப்பிடும்போது இதையே அமலோற்பவத்திடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு, “போன் பண்ணியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க மேடம்?” என்று கேட்டாள். நல்ல டெக்னீஷியன், கேள்வி எப்போதும் சரியாக இருக்கும். நான் கை கழுவப் போய்விட்டேன்.

அந்த வருடத்து மலை அறிக்கை அலமாரியில் இருக்கிறது. எடுத்தேன். பதினொன்றாம் பக்கம் வரை படித்துவிட்டு மூடி வைத்தேன்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. அண்ணி ஒரு துணிப்பையோடு வந்து வாசலில் நின்றார். யாரும் கூப்பிடவில்லை. “உங்கொம்மா என்னைய உள்ள உட்டாலும் செரி, உடாட்டியும் செரி, எம்புள்ளைய நாம் பாத்துக்கறேன்” என்று தாரகையைப் பார்த்துச் சொன்னார். தாரகை, “அத்தே, கொழுக்கட்ட” என்றாள். இப்போதெல்லாம் அவள் பேச்சு அவ்வளவுதான், இரண்டு சொல், மூன்று சொல். அவர் நேராகச் சமையலறைக்குப் போனார்.

நான் அவரோடு பேசவில்லை. “தாரகை, அத்தையச் சாப்பிடச் சொல்லு” என்கிறேன். “தாரகை, உங்கொம்மாளுக்கு நேரமாச்சாமா, கெளம்பச் சொல்லு” என்கிறார் அண்ணி. பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அக்டோபர் 3, வியாழன்

எல்லாவற்றுக்கும் ‘அது’ என்கிறாள். தண்ணீர் அது, போர்வை அது, நானும் அது. அண்ணிக்கு மட்டும் எந்த ‘அது’ என்று தெரிகிறது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. பொறாமைப்படுகிற நேரமா இது?

நடப்பது நின்றுவிட்டது. தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டுகிறார்கள் அண்ணியும் என் கணவரும். பதினைந்து நாள் விடுப்பு முடிந்து நான் இன்று வேலைக்குப் போனேன். அமலோற்பவம் ‘தாரகை’ குழாய்களை எல்லாம் குளிர்பெட்டியின் அடித்தட்டுக்கு மாற்றிவிட்டு, வெளியிலிருந்து வேறு ரத்தம் வரவழைத்திருந்தாள். என்னைக் கேட்காமல் அவள் செய்த முதல் வேலை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ஒவ்வொரு வெடிக்கும் அவள் உடம்பு முழுவதும் துள்ளியது. கணவர் தெருவில் வீடு வீடாகப் போய் வெடிக்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார்கள். அண்ணி அவளுடைய இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தார். கை வலித்திருக்கும். நான் மாற்றிக்கொள்கிறேன் என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

பிறந்தநாள். பதினொன்று. ரத்தம் எடுக்கவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

விழுங்குவது நின்றுவிட்டது. மூக்கு வழியாகக் குழாய். கண் திறந்திருக்கிறது, எங்கே பார்க்கிறாள் என்று தெரியவில்லை. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஒருவரால் முடியாது, இரண்டு பேர் வேண்டும். பகலில் அவரும் வேலைக்குப் போய்விட்டால் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்கிறார் அண்ணி.

அண்ணி சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரு வேளைதான். கோயிலுக்கும் போவதில்லை. வெள்ளிக்கிழமை தவறாதவர்.

டிசம்பர் 8, ஞாயிறு

காலையில் கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். தாரகைக்குக் கஞ்சியைக் குழாயில் ஊற்றி முடித்துப் பாத்திரத்தை எடுத்தேன். மூன்று மாதத்தில் முதல் முறையாக அண்ணி என்னை நேராகப் பார்த்துப் பேசினார்.

“வாணி, நா ஒண்ணு கேக்கோணும். நெசத்தச் சொல்லு. அன்னிக்கே உனக்கு நா போன் பண்ணியிருந்தா, புள்ளைய இந்தக் கெதிக்கு வராம காப்பாத்தியிருப்பியா?”

‘ஆமாம்’ என்று சொல்வது சுலபம். நான்கு மாதமாக அதைத்தான் வாயைத் திறக்காமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஆகஸ்டில் மோர் கொண்டுவந்த பெண்மணியா இவர் என்று இருந்தது.

“இல்லீங்கண்ணி” என்றேன். “மேல அம்மை தெரிஞ்சதுக்கப்பறம் யாரு வந்திருந்தாலும் இதத் தடுத்திருக்க முடியாது. நான் ஓடியாந்திருந்தாலும் நீங்க பண்ணுனதத்தான் பண்ணியிருப்பேன். கண்ணு மூடாம பக்கத்துல உக்காந்திருப்பேன்.”

“அப்பறம் எப்பத்தான் காப்பாத்தியிருக்கலாம்?”

“நா போறதுக்கு முன்னால.”

அவருக்குப் புரியவில்லை. எனக்கே நான் இதுவரை சொல்லிக்கொள்ளாத விஷயம். உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

“ஊசிக்கு ஒம்பது மாசம்னு கணக்கு. ஆனா அம்மை பரவறப்ப ஆறு மாசப் புள்ளைக்கே போடலாம். எல்லாத்துக்கும் புடிக்காது, பத்துல ஏழெட்டுப் புள்ளை தப்பிச்சுக்கும். மலைல எழுபத்துமூணு கைக்கொழந்தைகளுக்கு நா நின்னு போட வெச்சனுங்க. அறிக்கைல பதினொண்ணாம் பக்கத்துல எழுதியும் குடுத்தேன். எல்லாம் இவ வயசுதான். கெளம்பற அன்னிக்குக் காலைல மருந்துப் பெட்டி நம்மூட்டு மேசை மேலதான் இருந்துச்சு. இவ பக்கத்துல தொட்டில்ல படுத்துக்கிட்டிருந்தா. நெனப்பு வந்துதுங்கண்ணி. வராம இல்லை. மலைக்குன்னு எண்ணிக் குடுத்த மருந்து, எம்புள்ளைக்கு எடுக்கறது தப்புன்னு நெனச்சேன். காங்கேயத்துல என்ன வந்துறப் போவுதுன்னு நெனச்சேன்.”

அண்ணி தாரகையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். நான் அழவில்லை. அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும், அது நியாயமில்லை.

“நான் கொன்னேன்னு சொன்னியே” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. “அந்த வார்த்தையோடதான் தெனமும் காலைல எந்திரிச்சேன். இது உனக்கு அன்னிக்கே தெரியுமா?”

“தெரியுமுங்க.”

“இதச் சொல்றதுக்கு நாலு மாசம் ஆச்சா உனக்கு?”

“ஆச்சுங்க அண்ணி.”

அவர் எழுந்தார். துணிப்பையை எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். போகட்டும், போவதற்கு அவருக்கு எல்லா உரிமையும் உண்டு என்றும் நினைத்தேன். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

“மணி பதினொண்ணாச்சு. புள்ளையத் திருப்பிப் போடோணும். வந்து தோளப் புடி.”

நான் தோளைப் பிடித்தேன், அவர் இடுப்பைப் பிடித்தார். தாரகையைச் சன்னல் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தோம். மாலை வரை அண்ணி என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை. ஊருக்கும் போகவில்லை.